மோருக்கு முன்னால் ஓர் ஆட்சேபணை

வக்கீல் தேசிகன் போய்விட்டார் என்று குமாஸ்தா பலராமன் வந்து சொன்னபோது நான் கழனியில் நடவு ஆட்களோடு நின்றிருந்தேன். கால்வாயில் ஏரித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வரப்பு முனையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவர் ஓடி வந்த வேகத்தைப் பார்த்து, யாருக்கோ கேஸ் ஜெயித்த சேதி என்றுதான் நினைத்தேன். ஜெயித்தால் அப்படித்தான் ஓடி வருவார்.

"கன்னிம்மா, ஐயா போய்ட்டாரும்மா. கார்த்தால கோர்ட்டுக்குக் கெளம்பிக்கினு இருந்தாரு. செருப்ப மாட்டக் குனிஞ்சவரு, எழுந்துக்கவே இல்ல."

"யாரு சொன்னது?"

"நானே பாத்துட்டுத்தாம்மா வரேன்."

"நீங்க பாத்தா ஆச்சா? நான் ஒத்துக்க மாட்டேன்!"

கத்திவிட்டேன். சேற்றில் குனிந்திருந்த பெண்கள் எல்லாரும் நாற்று முடியோடு நிமிர்ந்து பார்த்தார்கள். அழுதுகொண்டிருந்த பலராமன், அந்த அழுகையிலேயே சிரித்துவிட்டார். "ஐயா மட்டும் இருந்திருந்தா, அந்த ஆட்சேபணைய எழுதிக்குங்கன்னு சொல்லியிருப்பாரு" என்றார்.

அவருடைய படத்தைக் கோர்ட்டு வளாகத்தில் திறந்து வைக்கப் போகிறார்கள். அந்தக் கூட்டத்துக்காகப் போடும் மலரில் நானும் எழுத வேண்டும் என்று பலராமன் வந்து கேட்டார். நான் ஐந்தாவதோடு நின்றவள். மேடையில் ஏறினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதியே தருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். இதைப் படிக்கப் போகிற வக்கீல்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் காக்களூர் பக்கத்து ஜனங்களுக்கும் அவரை என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் அவர் ஏன் அப்படி இருந்தார் என்பது எங்கள் வீட்டுக்குத்தான் தெரியும்.

அப்படி என்றால், அந்த எழுந்து நிற்கிற பழக்கத்தைச் சொல்கிறேன். எதிர்க்கட்சி சாட்சி வாயைத் திறந்ததும் ஆட்சேபணை என்று எழுந்துவிடுவார். ஒரு காகிதத்தை நீட்டினால் எழுந்துவிடுவார். வாய்தா கேட்டாலும் எழுந்துவிடுவார். கூட இருக்கிற வக்கீல்கள் கிண்டல் செய்வார்கள்.

"என்ன தேசிகன், உங்க பெஞ்சுல ஆணி கீணி இருக்கா?"

"ஆணி பெஞ்சுல இல்ல சார். பழைய கேஸ் ஒண்ணுல இருக்கு" என்பார்.

அந்தப் பழைய கேஸ் எங்களுடையது.

அறுபதுகளின் தொடக்கம். நான் கல்யாணமாகி வந்த புதிது. எங்களுக்கு மேட்டில் ஒரு கழனி, பள்ளத்தில் ஒரு கழனி. மேட்டுக் கழனியின் ஓரத்தில் ஒரு கிணறு. அந்தக் கிணறு தன் எல்லைக்குள் வருகிறது என்று என் மாமனாரின் பங்காளி தகராறு செய்தார். கேஸ் திருவள்ளூர் முன்சீப் கோர்ட்டுக்குப் போயிற்று. தேசிகன் அப்போதுதான் தொழில் தொடங்கியிருந்தார். குரல் கூட உடையாத மாதிரி மெல்லப் பேசுவார். இடத்தைப் பார்த்து அளந்து எழுதித் தரச் சொல்லிக் கோர்ட்டு ஒரு கமிஷனரை அனுப்பியது. கமிஷனர் என்றால் பெரிய அதிகாரி இல்லை, அவரும் ஒரு வக்கீல்தான். ஆனால் அவர் எழுதிக் கொடுப்பதைத்தான் கோர்ட்டு பார்க்கும்.

கமிஷனர் வந்த அன்று பங்காளி இளநீர் வெட்டி நீட்டினார். என் மாமனார் விடுவாரா? "சாப்ட்டுட்டு அளக்கலாம் சார். எங்க ஓடப் போவுது கெணறு?" என்று கையைப் பிடித்து இட்டு வந்துவிட்டார். இலை போட்டு, காராமணிக் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், அப்பளம், பாயசம். தேசிகனும் உட்கார்ந்தார். திருவள்ளூர்க் கோயிலில் கைங்கரியம் செய்கிற குடும்பம் அவருடையது. "எங்க ஆத்துல மட்டும் யாரும் சொல்லிடாதீங்கோ" என்று சிரித்துக்கொண்டே இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கழனிக்குப் போனார்கள். சர்வே கல் முள்ளுப் புதருக்குள் மூடிக் கிடந்தது. சங்கிலி பிடித்த ஆள் கண்ணுக்குத் தெரிந்த கல்லில் சங்கிலியை வைத்தான். அது கிணற்றடியில் நான் தினமும் துணி துவைக்கிற கல். ஊரே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. எல்லாருக்கும் தெரிந்தது. பங்காளிக்கே தெரிந்தது, அவர் சிரிப்பை மறைக்க வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"மாமா, அது துவைக்கிற கல்லு" என்று மாமனார் காதில் சொன்னேன்.

"சும்மா இரும்மா. நம்ம ஊட்ல கை நனைச்சிட்டு வந்தவரு. மூஞ்சிக்கு நேரா தப்புன்னு சொன்னா, போட்ட சோத்தத் திருப்பிக் கேக்கற மாதிரி."

நான் சொன்னது தேசிகன் காதிலும் விழுந்தது. அடுத்த வாரம் அவர் கமிஷனர் ரிப்போர்ட்டுக்கு ஆட்சேபணை எழுதிக்கொண்டு கையெழுத்துக்கு வந்தார். மாமனார் பேனாவையே தொடவில்லை. "நம்ம பந்தியில சாப்ட்டவரு மேல நானே எழுதித் தரதா? நாக்கு அழுவிப் போயிடும் சாமி" என்றார். தேசிகன் வற்புறுத்தவில்லை. அவரும் அதே பந்தியில் உட்கார்ந்தவர்தானே. கோர்ட்டில் முன்சீப் ரிப்போர்ட்டுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். தேசிகன் எழுந்தார், திரும்பி மாமனாரைப் பார்த்தார். மாமனார் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தேசிகன் உட்கார்ந்துவிட்டார். கிணறு பங்காளிக்கு என்று தீர்ப்பு ஆயிற்று.

செங்கல்பட்டு மேல்கோர்ட்டுக்கு அப்பீல் போனோம். பஸ் மாறி மாறிப் போய் இறங்கியபோது எல்லார் முகத்திலும் நம்பிக்கைதான். துவைக்கிற கல்லை வைத்து அளந்தார்கள் என்றால் எந்த ஜட்ஜுக்கும் புரியாதா? அங்கே இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். 'அப்ஜெக்‌ஷன்' என்று ஜட்ஜ் திரும்பத் திரும்பக் கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது. தேசிகன் பதில் சொல்லாமல் நின்றார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

வெளியே வராந்தாவில் அவர்தான் விளக்கினார். "ஜட்ஜ் நம்பறார் பெரியவரே. அது துவைக்கிற கல்லாவே இருக்கலாம்னு அவரே சொன்னார். ஆனா கீழ்க்கோர்ட்டுல ஏன் ஆட்சேபிக்கலேன்னு கேக்கறார். அங்க பேசினதைத்தான் இங்க திருப்பிப் பார்ப்பா. அங்க பேசாததை இங்க புதுசாக் கேக்க முடியாது. மேல போற வழியை நாமளே அடைச்சுண்டுட்டோம்."

மாமனார் வராந்தாத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "சாமி, அப்ப சோறு போட்டது தப்பா?" என்று கேட்டார்.

இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது. தேசிகன் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார், கறுப்புக் கோட்டோடு. "சோறு போட்டது தப்பே இல்ல. போட்டப்புறம் வாயை மூடிண்டோம் பாருங்கோ, அதான் தப்பு. நீங்க மட்டுமா? ரெண்டு தரம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டேனே, நானும்தான். ஒண்ணு சொல்றேன். இனிமே கேஸ் முடியற வரைக்கும் எந்தக் கட்சிக்காரர் வீட்டுலயும் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன். ஆட்சேபணை இல்லேன்னு உட்காரவும் மாட்டேன்."

அன்றிலிருந்துதான் பெஞ்சில் ஆணி.

மேட்டுக் கழனி தண்ணீர் இல்லாமல் காய்ந்தது. மாமனார் உடம்பு தளர்ந்த பிறகு மிச்சமிருந்த பள்ளக் கழனியை என் பேருக்கு எழுதி வைத்தார். உயில் எழுதியதும் தேசிகன்தான். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "இன்னா நைனா இது, புள்ள நான் குத்துக்கல்லாட்டம் நிக்கறேன்?" என்று கேட்டார்.

"உன் வாயும் என் வாயும் சோத்துக்குத்தாண்டா தொறக்கும். அன்னிக்கு அவ ஒருத்திதான் துவைக்கிற கல்லுன்னு சொன்னா. கழனி வாயிருக்கறவகிட்ட இருக்கட்டும்."

தேசிகன் எழுதுவதை நிறுத்திவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நான் மோர் கொண்டு வந்து வைத்தேன். தொடவில்லை.

இந்தத் தண்ணீர் குடிக்காத விஷயத்தில் ஊர் அவரைத் தப்பாகவே புரிந்துகொண்டது. ஆசாரம் பார்க்கிறார் என்று பேசினார்கள். திருப்பாச்சூர்க்காரி ஒருத்தி, தன் கேஸுக்காக வந்தவள், என்னிடமே வந்து வயிறெரிந்தாள். "பசும்பாலு காச்சி வெச்சேன்க்கா. சொம்பத் தள்ளி வெச்சிட்டாரு. நாங்க இன்னா அவ்ளோ மட்டமா?" அவர் கோர்ட்டு எதிரே தள்ளுவண்டியில் எல்லாரோடும் நின்று மசால் வடை தின்கிறவர் என்று சொன்னேன். நம்பவில்லை. மறுவாரம் அவளே தள்ளுவண்டிக்கு எதிரே நின்று பார்த்துவிட்டு வந்து, "ஆமாக்கா, ரெண்டு துன்னாரு" என்றாள்.

அவருக்கும் வாய் மூடுகிற இடம் ஒன்று இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு தை அமாவாசைக்கு, வேண்டுதலுக்காகக் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கத் திருவள்ளூர் போயிருந்தேன். கோயில் பிரகாரத்தில் அவருடைய பெரியப்பா அவரை நிற்க வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். "ஏண்டா, கோர்ட்டுல அந்தக் கத்து கத்தற வாய்க்குப் பெருமாளைச் சேவிக்க மட்டும் நேரமில்லையோ?" நம் தேசிகன் இடுப்பை வளைத்து, வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அடியேன் தப்பு, அடியேன் தப்பு" என்று நின்றார். பெரியப்பா நகர்ந்ததும் நான் பக்கத்தில் போனேன்.

"இன்னா வக்கீலய்யா, ஆட்சேபணை இல்லியா?"

"ஸ்ஸ்! மெல்லப் பேசு கன்னியம்மா. இங்க மேல்கோர்ட்டு கிடையாது. பெரியப்பா சொன்னா சொன்னதுதான். அப்பீல் இல்லாத இடத்துல ஆட்சேபிச்சு என்ன பிரயோஜனம்?"

எழுபதுகள் பிறந்திருந்தன. மாமனார் காலமாகிவிட்டார். காக்களூர் பக்கம் சின்னச் சின்னதாகக் கம்பெனிகள் வரத் தொடங்கின. என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற கம்பெனியில் சேர்ந்து அங்கேயே தங்கி, வாரக் கடைசியில் வந்து போனார். பங்காளி தன் நிலத்தைக் கிணற்றோடு ஒரு போல்ட்டுக் கம்பெனிக்கு விற்றார். கம்பெனி கம்பி வேலி போட்டது. ஏரியிலிருந்து என் கழனிக்கு வரும் கால்வாய் வேலிக்கு உள்ளே போய்விட்டது. கேட்டால், எங்கள் எல்லை என்றார்கள். கிணறுதான் போயிற்று, கால்வாயும் போனால் கழனி வெறும் தரை. வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்: "இதுவும் போச்சுன்னா வித்துட்டு வந்துடு. கும்மிடிப்பூண்டிலயே ஒரு ரூம் பாத்துக்கலாம். இன்னும் எத்தினி நாளு பேஜாரு?"

கேஸ் போட்டோம். மறுபடியும் கமிஷனர். தேசிகன் முதல் நாளே வந்து வரப்பில் நின்றார்.

"இந்தத் தரம் யார் வாயைத் திறக்கறது?"

"நான்தான் வக்கீலய்யா."

"மோர் குடுப்பியா?"

"வெய்யில்ல வரவருக்கு மோர் குடுக்காம இருக்க முடியுமா? குடுத்துட்டா எனக்கு வாய் வராதே, இன்னா பண்றது?"

"அப்போ எதை முன்னாடி பண்ணணும்னு நீயே யோசிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சித்திரை வெயில். கமிஷனர் கொஞ்சம் கனத்த உடம்பு. சட்டை முழுக்க வேர்வை. கம்பெனிக்காரர்கள் மெட்ராஸிலிருந்து ஒரு வக்கீலைக் கூட்டி வந்திருந்தார்கள், கறுப்புக் கண்ணாடியோடு. சங்கிலியைக் கம்பெனி வேலிக் கம்பத்திலிருந்து பிடித்தார்கள். தேசிகன் தூரத்தில் பனை மரத்தடியில் சும்மா நின்றார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"சார், மோரு."

"அப்பாடா, குடும்மா" என்று இரண்டு கையையும் நீட்டினார். நான் சொம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"மொதல்ல என் ஆட்சேபணைய எழுதிக்குங்க சார். அப்பால குடிங்க."

"என்னம்மா இது? தொண்டை காய்ஞ்சு கிடக்கேன், கேஸ் பேசற?"

"நீங்க குடிச்சிட்டீங்கன்னா எனக்கு வாய் வராது சார். எங்க ஊட்டு ஜனமே அப்படி. ஏற்கனவே ஒருத்தருக்குச் சோறு போட்டுட்டுக் கெணத்தையே உட்டுட்டோம்."

கறுப்புக் கண்ணாடி வக்கீல் குதித்தார். "சார், இது மிரட்டல்! மோரைக் காட்டி எழுத வைக்கறாங்க! நான் ஆட்சேபிக்கிறேன்!"

பனை மரத்தடியிலிருந்து தேசிகன் குரல் கணீரென்று வந்தது. "அவர் ஆட்சேபணையையும் எழுதிக்குங்கோ சார்! ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்!"

வேலிக்கு அந்தப் பக்கம் கம்பெனி ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊர்ப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். கமிஷனர் என்னைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "சரி, சொல்லும்மா. சுருக்கா சொல்லு."

"நீங்க அளக்கறது கம்பெனிக்காரங்க நட்ட கம்பத்துலேர்ந்து சார். அது நேத்து வந்த கம்பம். சர்க்காரு கல்லு தோ, ஏரிக்கரைல அந்தப் பூவரச மரத்தாண்ட கீது. அங்கேர்ந்து அளங்க."

"கம்பெனி மேப்புல இதுதான் எல்லைன்னு போட்டிருக்கு."

"அது கம்பெனி மேப்பு சார். அவங்க போடறத அவங்களுக்குத்தான போட்டுக்குவாங்க."

"எழுதிக்கிட்டேன். ஆனா நான் அளக்கறதை மாத்த மாட்டேன்."

"மாத்த வேணாம் சார். எழுதினீங்களே, அது போதும். இந்தாங்க."

சொம்பை ஒரே மூச்சில் முடித்தார். இன்னும் கேட்டு வாங்கிக் குடித்தார். போகும்போது, "உங்க மோர்ல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் ரிப்போர்ட் கம்பெனிக்குச் சாதகமாகத்தான் வந்தது. தேசிகன் அன்றைக்கே எழுத்திலும் ஆட்சேபணை போட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். இருந்தும் முன்சீப் கோர்ட்டில் தோற்றோம். ஊரில் ஒருத்தி வாய்க்கு வந்தபடி பேசினாள்: "மோரும் போச்சு, கால்வாயும் போச்சு. ஆட்சேபணையக் கட்டிக்கினு அழு." நான் நொந்துபோய்த் தேசிகன் முன்னால் நின்றால், அவர் கையைத் தேய்த்துக்கொண்டு அறைக்குள் அங்கும் இங்கும் நடக்கிறார். தோற்ற வக்கீல் முகமா அது? பிள்ளை பிறந்த வீட்டு முகம்.

"தோத்துட்டோம் கன்னியம்மா! ஆனா பேசித் தோத்திருக்கோம்! பேசித் தோத்தா மேல போலாம். பேசாமத் தோத்தாத்தான் எங்கயும் போக முடியாது."

அதே செங்கல்பட்டு. அதே கட்டடம், அதே வராந்தா. மாமனார் உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டித்தான் உள்ளே போனேன். ஜட்ஜ் வேறு ஆள். மெட்ராஸ் வக்கீல் இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். கடைசியில் ஜட்ஜ் தேசிகன் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அதில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை இருந்தது. அப்ஜெக்‌ஷன். முன்பு இதே கேள்விக்குத்தான் எங்களிடம் பதில் இல்லை. நான் எழுந்துவிட்டேன். டவாலி "உக்காரும்மா, உக்காரு" என்று கையை ஆட்டினார். என்னால் உட்கார முடியவில்லை.

தேசிகன் கமிஷனர் எழுதிய தாளை எடுத்தார். இங்கிலீஷில் தொடங்கியவர், அந்த இடம் வந்ததும் தமிழில் இருந்ததைத் தமிழிலேயே படித்தார்: "மோர் அருந்துவதற்கு முன் வாதி தெரிவித்த ஆட்சேபணை."

ஜட்ஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மோரா?"

கோர்ட்டு முழுக்கச் சிரிப்பு. தேசிகன் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கிணற்றுக் கதையைச் சுருக்கமாகச் சொன்னார், எங்கள் சோறு, என் மாமனார், தான் உட்கார்ந்தது வரைக்கும். ஜட்ஜ் நிமிர்ந்து, "யார் அந்த அம்மா?" என்றார். நான்தான் ஏற்கனவே நின்றுகொண்டிருக்கிறேனே.

"கடைசியில் மோர் கொடுத்தீர்களா இல்லையா?"

"குடுத்தேங்க. வயிறு நெறையக் குடிச்சாருங்க."

ஆட்சேபணை அன்றைக்கே சொல்லப்பட்டிருக்கிறது, அதைக் கீழ்க்கோர்ட்டு பார்க்கவில்லை, வேறு கமிஷனரை வைத்துச் சர்க்கார் கல்லிலிருந்து திரும்ப அளக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அளந்தார்கள். வேலி பின்னால் போனது. கால்வாய் வெளியே வந்தது. மதகைத் திறந்த அன்று நான் கால்வாயோடு கூடவே ஓடினேன், தண்ணீர் என் கழனிக்குள் விழுகிற வரைக்கும். வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். ரூம் பார்க்கிற பேச்சு அதோடு நின்றது.

அந்த வாரமே தேசிகன் பலராமனோடு வந்தார். "கேஸ் முடிஞ்சுடுத்து. எனக்குப் பசிக்கிறது. அன்னிக்குப் போட்ட காராமணிக் குழம்பு இருக்கா?" என்றார். அத்தனை வருஷம் அந்தக் குழம்பை நினைவில் வைத்திருந்திருக்கிறார்! இலை போட்டேன். நிதானமாகச் சாப்பிட்டார். இரண்டாம் தரம் குழம்பு வாங்கினார். மோர்ச் சோறும் முடிந்து, இலையை மடிக்கும் முன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"கன்னியம்மா, குழம்புல உப்பு கம்மி. ஆட்சேபிக்கிறேன்."

"இன்னாய்யா இது! முழுக்கச் சாப்ட்டு முடிச்சிட்டுச் சொல்றீங்க?"

"சாப்பிட்டப்புறமும் சொல்லலாம்னு உங்க மாமனாருக்குக் காட்ட வேண்டாமா?"

என் வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த மாமனார் படத்தைப் பார்த்தார். பிறகு எல்லாரும் சேர்ந்து சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இதுதான். நெல் மில்லில் எடை குறைந்தால் மூட்டையைத் தைக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். சம்பந்தி வீட்டில் மனசுக்குப் பிடிக்காதது நடந்தால், காபியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்கிறேன், சொல்லிவிட்டுக் குடிக்கிறேன். யாரும் என்னோடு பேச்சை நிறுத்திவிடவில்லை. உறவு முறியுமோ என்று பயந்து மூடிய வாயால்தான் எங்கள் கிணறு போயிற்று. சொல்லிவிட்டும் சேர்ந்து சாப்பிடலாம் என்பது அவர் இலையில் உட்கார்ந்து காட்டியது.

சேதி வந்த அன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய பெரியப்பா, கண் தெரியாமல் தளர்ந்துபோய், மேல்துண்டால் தன் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். பெருமாள் அழைத்துக்கொண்டார், நாம் என்ன சொல்ல முடியும் என்று வந்தவர்கள் சொன்னார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். சாவு வீடாயிற்றே என்று நானும் ஆட்டிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் சுருக்கென்றது. என் மாமனாரும் அன்றைக்குக் கோர்ட்டில் தலையைத்தான் ஆட்டினார்.

அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். வக்கீல் தேசிகன் இந்த வயதில் போனதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெருமாள் இருக்கிற இடத்தில் மேல்கோர்ட்டு கிடையாது, ஆட்சேபித்துப் பிரயோஜனமில்லை என்று அவரே கோயிலில் சொல்லியிருக்கிறார். இருக்கட்டும். நாளைக்கு ஒன்று இருக்கிறது என்று தெரிய வந்தால், அன்றைக்கு நீ ஏன் சொல்லவில்லை என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது.

கன்னியம்மாள், வாதி.